ஈட்டியதையெல்லாம் கொடுத்துவிட்டுப் போன சித்தூர் நாகையா

சித்தூர்: பாடி நடித்து, இசையமைத்து, படம் தயாரித்து, இயக்கித் தென்னிந்தியத் திரையுலகின் உச்சியில் ஒரு காலத்தில் நின்ற சித்தூர் வி. நாகையா, 1973ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தமது 69ஆவது வயதில் காலமானார். அப்போது அவரிடம் சொல்லிக்கொள்ளும்படியான சொத்து எதுவும் இருக்கவில்லை. 1940களில் தென்னகத்தில் மிக அதிக ஊதியம் பெற்ற கலைஞர்களுள் ஒருவராக விளங்கியவர் அவர். அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதற்குத் திரையுலகில் பல கதைகள் உண்டு. கேட்டவர்களுக்குக் கொடுத்தார், சொந்தப் படங்களில் போட்டார், கணக்குப் பார்க்கவில்லை என்ற மூன்றில்தான் அவை எல்லாமே வந்து முடிகின்றன.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் சித்தூர். ஆனால் பிறந்த ஊர் அதுவன்று. குண்டூர் மாவட்டம் ரேபல்லேயில் 1904ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி பிறந்தார். கடலோர ஆந்திரத்தில் பிறந்த பிள்ளை வளர்ந்தது, தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் சித்தூர்ச் சீமையில். அன்று சித்தூர் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். வட ஆற்காட்டின் சில பகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் சில பகுதிகளையும் சேர்த்து 1911இல்தான் அம்மாவட்டம் உருவாகியிருந்தது. சந்தையில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் இரண்டும் கலந்த ஒரு பேச்சு என்பது அங்கே இன்றைக்கும் வியப்பில்லாத காட்சி. பிற்காலத்தில் நாகையா தமிழ்ப் படங்களில் இரவல் குரல் இல்லாமல் பேசவும் பாடவும் முடிந்ததற்கு இந்த மண்ணே காரணம்.

குடும்பத்தில் வசதி இல்லை. திருப்பதி தேவஸ்தானத்தின் உதவித்தொகைதான் அவருடைய படிப்புக்குத் துணை நின்றது. திருமலைக் கோயிலின் நிர்வாகம் அப்போது ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளின் கையில் இருந்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அது தேவஸ்தானக் குழுவிடம் வந்தது. படிப்பை முடித்த நாகையா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். பின்னர் அந்த வேலையை விட்டுவிட்டு ‘ஆந்திர பத்திரிகா’ நாளிதழில் செய்தியாளரானார். 1930இல் காந்தியடிகளின் உப்புச் சத்தியாகிரகம் நாட்டை உலுக்கியபோது அதிலும் கலந்துகொண்டார்.

அலுவலகமும் பத்திரிகையும் பிழைப்புக்கு என்றால், மனம் முழுவதும் மேடையில் இருந்தது. சித்தூரில் இயங்கிய இராம விலாச சபை அந்நாளில் பெயர் பெற்ற நாடக அமைப்பு. பகலில் வேறு வேலை பார்த்தவர்கள் இரவில் வேடம் கட்டினார்கள். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்ற காலம் அது. ‘சாரங்கதரா’ நாடகத்தில் சித்ராங்கி வேடத்தில் தோன்றிய நாகையாவின் பாட்டைக் கேட்பதற்காகவே கூட்டம் கூடியது. அவர் பெயருக்கு முன்னால் ‘சித்தூர்’ வந்து சேர்ந்தது அப்படித்தான். பிறந்த ஊரைக் காட்டிலும் பாடிய ஊர் ஒருவருக்கு அடைமொழியாவது இசை உலகில் புதிதன்று. ஆனால் திரைப்படத் தலைப்பெழுத்துகளில் இறுதிவரை அந்த ஊர்ப் பெயரைச் சுமந்தவர்கள் மிகச் சிலரே.

இந்தக் காலத்தில் அவருடைய சொந்த வாழ்க்கை அடுத்தடுத்துச் சரிந்தது. முதல் மனைவி குழந்தை பிறந்த சிறிது காலத்தில் இறந்தார். மறுமணம் செய்துகொண்டார், இரண்டாவது மனைவியும் இறந்துபோனார். தந்தையையும் இழந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குச் சென்று இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கினார். அங்கே சில காலம் இருந்துவிட்டு மீண்டும் உலகியலுக்குத் திரும்பினார். அவர் பின்னாளில் ஏற்ற துறவியர் வேடங்களைப் பார்த்தவர்கள், அது நடிப்பாகத் தெரியவில்லை என்று வியந்ததுண்டு. அந்த வியப்புக்கு விடை தேடுவோர் திருவண்ணாமலை நாட்களை மறந்துவிடக் கூடாது.

வாகினியின் குரல்

நாடகப் பாட்டு அவரை இசைத்தட்டுக்குக் கொண்டு சென்றது. இசைத்தட்டு அவரைத் திரைப்படத்துக்கு அழைத்து வந்தது. எச். எம். ரெட்டி இயக்கி 1938இல் வெளிவந்த ‘கிருஹலட்சுமி’ என்ற தெலுங்குப் படத்தில் அவர் முதன்முதலாகத் தோன்றினார். கண்ணாம்பா நடித்த அந்தப் படத்தில் நாகையாவுக்குக் கிடைத்தது துணைப் பாத்திரம்தான். அப்போது அவருக்கு வயது 34. திரையுலகில் நுழைவதற்கு இது தாமதமான வயது. ஆயினும், அவருடைய முகத்தில் படிந்திருந்த முதிர்ச்சியும் குரலில் இருந்த நிதானமும் அந்தத் தாமதத்தின் கொடைகள்.

பி. என். ரெட்டியும் மூலா நாராயணசுவாமியும் சென்னையில் வாகினி நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் படமான ‘வந்தே மாதரம்’ (1939) நாகையாவைக் கதாநாயகனாக்கியது. படித்தும் வேலை கிடைக்காத இளைஞனின் கதை அது. அதற்கு இசையமைத்தவரும் அவரே. அந்தக் காலத்துப் படப்பிடிப்பின் நடைமுறை தெரிந்தால்தான் இந்த இரட்டைப் பணியின் கடுமை விளங்கும். பின்னணி பாடும் முறை அப்போது வேரூன்றவில்லை. நடிகர் படக்கருவியின் முன் நின்று பாடியபடியே நடிக்க வேண்டும். வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே, சில நேரங்களில் மரத்தின் மறைவில்கூட உட்கார்ந்திருப்பார்கள். ஒலிவாங்கி ஒன்றுதான். சுருதி சற்று விலகினாலும் காட்சி முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும், சுருள் வீணாகும். மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கப் பாடிப் பழகிய நடிகர்கள் பலர், ஒலிவாங்கிக்கு முன்னாலும் அப்படியே பாடினார்கள். நாகையா குரலைத் தாழ்த்தினார். அருகில் அமர்ந்திருப்பவரிடம் பேசுவதைப் போலப் பாடினார். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். 1939இல் அது ஒரு துணிச்சலான சோதனை.

அடுத்து வந்த ‘சுமங்கலி’ (1940) விதவை மறுமணத்தைப் பேசியது. வீரேசலிங்கம் பந்துலுவை நினைவூட்டும் முதிய சீர்திருத்தவாதியின் வேடத்தை முப்பத்தாறு வயது நாகையா ஏற்றார். ‘தேவதா’ (1941), வீட்டுப் பணிப்பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதியைச் சொன்னது. இந்தப் படங்களின் இசையிலும் அவர் கை இருந்தது. வாகினியின் இந்தத் தொடக்க காலப் படங்களில் ஒளிப்பதிவும் திரைக்கதையும் கே. ராம்நாத்தின் பொறுப்பு. இந்தப் பெயரைத் தமிழ் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மீண்டும் வருவார்.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ‘பக்த போதனா’, நாகையாவைத் தெலுங்கு நாட்டின் வீட்டுப் பெயராக்கியது. பாகவதத்தைத் தெலுங்கில் பாடிய போதனர், அந்த நூலை அரசனுக்கு அர்ப்பணிக்க மறுத்து உழவனாகவே வாழ்ந்தவர் என்பது வழிவழிக் கதை. கே. வி. ரெட்டி இயக்கிய முதல் படம் இது. பிற்காலத்தில் ‘மாயா பஜார்’ எடுத்துப் புகழ் பெற்றவர் இவர்தான். ஜப்பானியத் தாக்குதல் குறித்த அச்சத்தில் அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னை நகரமே காலியானது. அப்படிப்பட்ட காலத்திலும் படம் வெற்றி பெற்றது.

புறாவும் கிதாரும்

நாகையாவைப் பக்திப் படங்களோடு மட்டும் சேர்த்துப் பேசுவோர் 1945இல் வெளிவந்த ‘ஸ்வர்க சீமா’வைப் பார்த்திருக்க மாட்டார்கள். பி. என். ரெட்டி இயக்கிய இந்தப் படத்தில், நல்ல மனைவியை விட்டுவிட்டு நாடக நடிகை ஒருத்தியின் பின்னால் போகும் மனிதனாக அவர் நடித்தார். நடிகையாகத் தோன்றியவர் பானுமதி. மனைவியாக நடித்தவர் கன்னட நடிகை பி. ஜெயம்மா. போதனராகப் பார்த்துக் கைகூப்பிய அதே இரசிகர்களுக்கு முன்னால், மயக்கத்தில் தடுமாறும் கணவனாக வந்து நின்றார் அவர்.

இந்தப் படத்தில் பானுமதி பாடிய புறாப் பாட்டு தென்னிந்தியத் திரையிசையில் ஒரு திருப்பம். ஹாலிவுட்டில் 1941இல் வந்த ‘பிளட் அண்ட் சேண்ட்’ படத்தில், ரீட்டா ஹேவொர்த் கிதாரை மீட்டியபடி பாடும் ஸ்பானிய பாணிக் காட்சி ஒன்று உண்டு. அதைத் திரையரங்கில் கேட்ட பானுமதியின் மனத்தில் அந்தச் சாயல் தங்கிவிட்டது. அதிலிருந்து ஒரு தெலுங்கு மெட்டு பிறந்தது. அதை அமைத்தவர் பாலாந்திரபு ரஜனிகாந்த ராவ். வானொலியில் பணியாற்றியதால் அவர் பெயர் படத்தில் இடம்பெறவில்லை. படத்தின் இசையமைப்பாளர்களாக நாகையாவும் ஓகிராலா இராமச்சந்திர ராவும் அறியப்பட்டார்கள். மேற்கத்திய மெட்டின் சாயலை அப்படியே தூக்கி வைக்காமல், நம் காதுக்கு உறுத்தாதபடி இழைத்துக் கொண்டதில்தான் அந்தப் பாட்டின் வெற்றி இருந்தது. இன்றைய மின்கிதார் இசையில் வளர்ந்த தலைமுறைக்கு இது சிறிய செய்தியாகப் படலாம். கர்நாடக மெட்டுகளும் நாடக மேடைப் பாட்டுகளுமே திரையிசை என்றிருந்த காலத்தில், அடுத்தவர் கொண்டுவந்த புதுச் சரக்கைத் தம் படத்துக்குள் அனுமதித்த மூத்த இசைக்காரரின் பெருந்தன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

அதே படத்தில் இன்னொரு இளைஞரின் குரலும் முதன்முதலாகத் திரையில் ஒலித்தது. அவர் கண்டசாலா. பாடத் தெரியாத நடிகர்களுக்கும் இனிய குரல் கொடுக்கும் பின்னணிப் பாடகர்களின் காலத்தைத் தெலுங்கில் நிலைநாட்டப் போகிறவர் அவர்தான். பாடி நடிக்கும் நடிகர்களின் காலம் அத்துடன் முடியத் தொடங்கியது. நாகையாவின் காலமும் அதில் அடங்கும்.

தமிழ்த் திரையில்

தமிழ் இரசிகர்களுக்கு நாகையா முதலில் அறிமுகமானது பேரரசராக. 1941இல் வெளிவந்த ‘அசோக் குமார்’ படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் குணாளனாகவும், கண்ணாம்பா சிற்றன்னையாகவும் நடிக்க, அசோகச் சக்கரவர்த்தியாக வந்தார் நாகையா. பாகவதரின் பாட்டுக்குப் பித்துப் பிடித்திருந்த காலம் அது. அவரோடு ஒரே படத்தில் நின்று தம் இடத்தைத் தக்கவைத்துக்கொள்வது எளிதன்று.

1945இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘மீரா’வில் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு இணையாக மேவார் ராணாவாக நடித்தார். மனைவியின் பக்தியைப் புரிந்துகொள்ள முயன்று தோற்கும் அரசனின் வேடம் அது. சற்றுப் பிசகினாலும் வில்லனாகிவிடும். நாகையா அதைத் துயரம் தோய்ந்த கணவனாக்கினார். ‘மீரா’ என்றால் எம். எஸ்.ஸின் பாட்டு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம் ஒன்று வேண்டுமே. அந்த முகம் நாகையாவுடையது.

முன்பு குறிப்பிட்ட கே. ராம்நாத், 1950இல் கோவை பட்சிராஜா நிறுவனத்துக்காக ‘ஏழை படும் பாடு’ படத்தை இயக்கினார். விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசரபிள்’ நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கியிருந்தார். அதுவே படத்தின் மூலம். பசிக்காகத் திருடிச் சிறை சென்று, பிறகு பிறருக்காகவே வாழும் கந்தன் வேடத்தில் நாகையா நடித்தார். அவரை விடாமல் துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதன் பின் வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். நாகையாவின் தமிழ்ப் படங்களுள் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் உள்ளவர்கள் இதைப் பார்க்கலாம். பாட்டின் துணை அதிகம் இல்லாமலேயே அவர் எவ்வளவு பெரிய நடிகர் என்பதற்கு இதுவே சான்று. இதன் தெலுங்கு வடிவம் ‘பீதல பாட்லு’.

‘சம்பூர்ண இராமாயணம்’ (1958) படத்தில் தசரதராக வந்ததையும், ‘பாவ மன்னிப்பு’ (1961), ‘தெய்வ மகன்’ (1969) போன்ற படங்களில் தோன்றியதையும் இன்றைய மூத்த தலைமுறை நினைவில் வைத்திருக்கிறது. தொலைக்காட்சியில் இந்தப் படங்களைப் பார்க்கும் இளையோர் பலருக்கு அவர் கனிந்த முகமுடைய ஒரு பெரியவர், அவ்வளவே. அந்தப் பெரியவர் ஒரு காலத்தில் மாகாணம் முழுவதும் கூட்டம் சேர்த்த கதாநாயகர் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

தியாகய்யரான நாகையா

அவர் வாழ்க்கையின் சிகரம் 1946இல் வெளிவந்த ‘தியாகய்யா’. தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு, பாட்டு என ஐந்தையும் அவரே ஏற்றார். திருவாரூரில் 1767இல் பிறந்து, திருவையாற்றில் காவிரிக் கரையில் வாழ்ந்து, 1847இல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் வரலாறு அது. மறைவின் நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தெலுங்கில் பாடிய அந்த மகான் வாழ்ந்தது தமிழ் மண்ணில். தெலுங்கு நாட்டில் பிறந்து, இரு மொழி பேசும் சித்தூரில் வளர்ந்து, சென்னையில் தொழில் செய்த ஒருவர் அந்த வேடத்தை ஏற்றது பொருத்தமாக அமைந்தது.

கீர்த்தனைகளைத் திரையில் பாடுவது கத்திமேல் நடப்பதற்கு ஒப்பானது. சபாக்களில் மணிக்கணக்கில் விரித்துப் பாடப்படும் உருப்படிகளைச் சில நிமிடங்களில் அடக்க வேண்டும். வித்துவான்களுக்கும் குறை தெரியக் கூடாது, இசைப் பயிற்சி இல்லாதவனுக்கும் அலுப்புத் தட்டக் கூடாது. நாகையா கச்சேரி பாணியை நாடாமல் வழிபாட்டின் பாணியை எடுத்துக்கொண்டார். சங்கதிகளைக் குறைத்தார். சொல் தெளிவாகக் கேட்கும்படி பாடினார். இராமனைக் கேள்வி கேட்கும் இடத்தில் கோபமும், இராமன் விக்கிரகத்தை இழந்து தேடும் இடத்தில் பரிதவிப்பும் பாட்டுக்குள்ளேயே தெரிந்தன. தஞ்சை அரசவையின் அழைப்பைத் தியாகராஜர் மறுக்கும் பகுதியில், போதனராக நடித்தபோது செல்வத்தை மறுத்த அதே மனிதர் மீண்டும் வந்து நிற்பதாக இரசிகர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். படம் தெலுங்கு பேசாத ஊர்களிலும் ஓடியது. மைசூர், திருவிதாங்கூர் அரண்மனைகள் அவரைச் சிறப்பித்தன. பல வீடுகளில் அவருடைய படத்தையே தியாகராஜர் படமாக மாட்டி வணங்கினார்கள் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி.

மறுஆண்டு ‘யோகி வேமனா’. கே. வி. ரெட்டி இயக்கத்தில், இன்பத்தில் மூழ்கிக் கிடந்து பின் எல்லாவற்றையும் துறந்த தெலுங்குக் கவிஞர் வேமனராக நடித்தார். பாராட்டு வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. நடிப்பு என்ற வகையில் ‘தியாகய்யா’வைவிட இதுவே உயர்ந்தது என்று கருதுவோர் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது: தியாகராஜர் தொடக்கத்திலிருந்தே பக்தர், வேமனரோ திரையில் நம் கண்முன்னே மாற வேண்டியவர்.

கைமாறிய செல்வம்

போதனர், தியாகராஜர், வேமனர் மூவரும் செல்வத்தை வேண்டாம் என்றவர்கள். அந்த வேடங்களால் நாகையாவுக்குச் செல்வம் குவிந்தது. சென்னையில் அவர் வீட்டு வாசல் மூடியதே இல்லை என்பார்கள். வாய்ப்புத் தேடி ஊரிலிருந்து வந்த கலைஞர்களுக்கு அங்கே சாப்பாடு கிடைத்தது. பிள்ளையின் படிப்புச் செலவு, பெண்ணின் திருமணம் என்று வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. தாம் உதவித்தொகையில் படித்தவர் என்பதை அவர் மறக்கவில்லை போலும். கொடுத்ததை எழுதி வைக்கும் வழக்கமும் இல்லை. திருப்பிக் கேட்கும் வழக்கமும் இல்லை. வந்தவர்களில் உண்மையான தேவை உள்ளவர் யார், நடித்துக் கேட்பவர் யார் என்று பார்க்கவும் அவருக்குத் தெரியவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவரைப் புனிதராக்கிவிட்டுப் போகலாம். பாதி உண்மைதான் அது. மறுபாதி, அவர் படம் எடுத்த விதத்தில் இருக்கிறது. 1953இல் தெலுங்கில் ‘நா இல்லு’, தமிழில் ‘என் வீடு’ என இரு மொழிகளில் சொந்தமாகப் படம் தயாரித்து இயக்கினார். பெரிய ஆதாயம் கிடைக்கவில்லை. பின்னணிப் பாடகர்கள் நிலைபெற்று, இளமையான புது நாயகர்கள் முன்னுக்கு வந்துவிட்ட காலம். ஐம்பதை நெருங்கும் பாடகநடிகரை மையமாக வைத்துப் பணம் போட வேறு தயாரிப்பாளர்கள் முன்வரவில்லை. அவரே போட்டார்.

அடுத்து அவர் கையிலெடுத்தது ‘பக்த ராமதாசு’. கோல்கொண்டா அரசின் வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் இராமனுக்குக் கோயில் எழுப்பி, அதற்காகச் சிறையில் வாடிய கஞ்சர்ல கோபன்னாவின் கதை. படம் இழுத்துக்கொண்டே போனது. கையிலிருந்த பணம் தீர்ந்தது, கடன் ஏறியது. கபீர்தாசர் பாடல்களுக்கு இந்திப் பாடகர் முகமது ரஃபியை அழைத்து வந்து தெலுங்கில் பாட வைத்தார். ஒருவகையில் பார்த்தால், இதுவும் ‘ஸ்வர்க சீமா’ நாட்களின் அதே துணிவுதான்: நம்முடையது அல்லாத ஒரு குரலுக்கு நம் பாட்டில் என்ன இடம் இருக்க முடியும் என்று பார்ப்பது. 1964இல் படம் வெளிவந்தது. பாராட்டினார்கள். போட்ட பணம் திரும்பவில்லை. இராமனுக்குக் கோயில் கட்டிக் கடனாளியான பக்தனின் கதையை எடுத்துத் தாமும் கடனாளியானார் நாகையா.

மறுஆண்டு, 1965இல், இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. தென்னிந்தியத் திரைக்கலைஞர்களில் இந்த விருதைப் பெற்ற முன்னோடிகளுள் அவர் ஒருவர். விருது பெற்ற கைக்கு அப்போது தேவைப்பட்டது வேலை. கதாநாயகனாக இருந்த படப்பிடிப்புத் தளங்களுக்கே சிறு வேடங்களுக்காகச் சென்றார். தந்தை, துறவி, நீதிபதி, கோயில் குருக்கள் என ஒரு நாள், இரண்டு நாள் வேலைகள். ஊதியம் சொற்பம். ஒரு காலத்தில் தம் வீட்டுத் திண்ணையில் வாய்ப்புக்காகக் காத்திருந்தவர்கள் இப்போது தயாரிப்பாளர்கள். அவர்களில் சிலர் மரியாதையோடு அழைத்தார்கள். சிலருக்கு நினைவில்லை. அந்தக் கடைசிப் பத்தாண்டுப் படங்களில் அவர் வரும் காட்சிகளைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: மூன்றே வசனம் பேசும் வேடத்திலும் அவர் அலட்சியமாக நிற்பதில்லை.

மூத்த கலைஞர்களுக்கு ஓய்வூதியம், நலநிதி போன்ற ஏற்பாடுகள் அன்று பெயரளவில்கூட வலுப்பெறவில்லை. வருமானம் நின்றவுடன் ஒருவரின் வாழ்க்கை எப்படி அடிமட்டத்துக்கு வரும் என்பதற்கு நாகையா தனி உதாரணம் அல்லர். பாகவதரும் அப்படித்தான் போனார். சந்திரபாபுவும் அப்படித்தான் போனார். நாகையாவின் கதையில் குடியோ வழக்கோ வம்போ இல்லை என்பதுதான் வேறுபாடு. அதனாலேயே அது அதிகம் பேசப்படவும் இல்லை.

இரு மாநிலங்களின் நினைவில்

அவர் மறைவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1953இல், ஆந்திர மாநிலம் பிரிந்துவிட்டது. சித்தூர் அந்தப் பக்கம் போனது. 1960இல் நடந்த எல்லைச் சீரமைப்பில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. திரையுலகமும் மெல்ல மெல்லச் சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கு நகரத் தொடங்கியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகச் சித்தூரிலிருந்து பிரிந்தது. நாகையாவோ கடைசிவரை சென்னையிலேயே இருந்தார். தெலுங்குத் திரையுலகின் வரலாற்றை எழுதுவோர் அவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குகிறார்கள். தமிழ்த் திரையுலகின் வரலாற்றில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில வரிகளே. அசோகரும் ராணாவும் கந்தனும் தமிழில்தான் பேசினார்கள் என்பதை நினைத்தால் இது நியாயமான பங்கீடு அன்று.

சென்னை தியாகராய நகரில் பனகல் பூங்கா அருகே திரைக்கலைஞர்களின் முயற்சியால் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் நடுவே, பண்டிகைக் காலங்களில் நடக்கக்கூட இடமில்லாத பகுதி அது. சித்தூர் நகரில் அரசு விழாக்களும் பள்ளி ஆண்டு விழாக்களும் நடனப் போட்டிகளும் நடைபெறும் அரங்கத்துக்கு நாகையா கலாக்ஷேத்திரம் என்று பெயர். அங்கே மேடையேறும் பிள்ளைகள் இன்றும் இரண்டு மொழிகளிலும் பாடுகிறார்கள்.